கிடேரிக்கன்றுக்கு மதிப்பு வந்த கதை



நம்ம விருதுநகர்ச் சீமையில் பசு ஈன்றதும் முன்பெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "காளங்கன்னா, பொட்டையா?" என்பதுதான். காளை என்றால் வீட்டில் சந்தோஷம். கரிசலை உழுவதற்கும், கமலை இழுப்பதற்கும், பருத்திப் பொதி ஏற்றிப் போவதற்கும் காளைதானே வேணும்? பசுவை வைத்திருந்ததே காளைக்கன்று போடத்தான்; பால் வீட்டு மோருக்கு. பொட்டைக்கன்று மேய்ச்சலில் கிடைத்ததைத் தின்று, நாலு வயசில் பருவத்துக்கு வந்தால் வரட்டும் என்று விட்டார்கள். அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். அன்றைய கணக்கு அது.

அந்தக் கணக்கை இரண்டு விஷயங்கள் மாற்றின. பம்புசெட்டும் டிராக்டரும் வந்து காளையின் வேலையை எடுத்துக்கொண்டன. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கி, ஊர் ஊராகச் சங்கம் வந்து பாலுக்கு ரொக்கம் கிடைத்தது. சமவெளிக்கு ஏற்றது ஜெர்சி என்று அரசு முடிவு செய்து, சினை ஊசி மூலம் கலப்பினம் பரவியது. கலப்பினக் காளைக்குத் திமில் சிறுசு, நுகம் சரியாக நிற்காது, வெயிலும் தாங்காது. கிடேரி பிறந்தால்தான் லாபம் என்று ஆகிவிட்டது.

ஆனால் பிறந்தால் மட்டும் போதுமா? பால் கறக்காத உருப்படிக்கு இரண்டரை வருஷம் யார் தீவனம் போடுவது? கையில் காசில்லாத வீட்டில் புண்ணாக்கு கறவை மாட்டுக்குத்தான் போகும். கன்று எலும்பும் தோலுமாக நிற்கும். நல்ல ரத்தம் இருந்தும் வயிறு காய்ந்தால் பால் எங்கிருந்து வரும்?

இதை உணர்ந்துதான் 1975-76-இல் மத்திய அரசு கன்று வளர்ப்புக்கென்றே ஒரு சிறப்புத் திட்டம் கொண்டுவந்தது. கலப்பினக் கிடேரிக்கு 4 மாதம் முதல் 32 மாதம் வரை தீவனச் செலவில் சிறு விவசாயிக்குப் பாதி, குறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் மூன்றில் இரண்டு பங்கு மானியம். 32 மாதம் என்பது கன்று தலையீத்துக்கு வருகிற கணக்கு. அதுவரை மாட்டுக்கடன் என்றால் கறவை மாடு வாங்கத்தான் என்றிருந்த எண்ணத்தை மாற்றிய திட்டம் இது. என்னைக் கேட்டால், பசு கொடுக்கிற திட்டங்களைவிட இதுதான் புத்திசாலித்தனமானது. 2011-இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லாப் பசு கொடுத்தது, நல்ல காரியம். அந்த மாடுகளை வெளிமாநிலச் சந்தைகளில் வாங்கினார்கள். அங்கிருந்து வருகிற மாடு நம்ம வெயிலுக்கும் தண்ணிக்கும் பழக நாளாகும். இங்கேயே சோளத்தட்டையும் கடலைக்கொடியும் தின்று வளர்ந்த கிடேரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து தீப்பெட்டி ஆலை தொடங்கிய நாளிலிருந்து, மானம் பொய்த்த வருஷங்களில் நம்ம ஜனங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தொழிலும் பட்டாசும்தான். காலையில் ஆலை வண்டி ஏறிப் பொழுது சாயத் திரும்புகிற வீட்டில் கறவை மாட்டை நேரத்துக்குக் கறக்க ஆள் ஏது? கிடேரிக்குக் கறவை கிடையாது. நிழலும், தொட்டி நிறையத் தண்ணியும், இரு வேளை தீவனமும் இருந்தால் வளரும். சினையாக்கி விற்றாலும் மொத்தமாய் ஒரு தொகை. ஆனால் ஆலையிலிருந்து வந்த சாக்கையோ டிரம்மையோ தீவனத்துக்கும் தண்ணிக்கும் வைக்கவே வைக்காதீங்க. பச்சை வெளிச்சத்துக்குச் சேர்க்கிற பேரியம் நைட்ரேட் தண்ணியில் கரைகிற விஷம். கழுவிவிட்டோம் என்பதெல்லாம் பேச்சில்லை.

வாங்கும்போது தாயையும் பார்த்து வாங்குங்க. காளையோடு இரட்டையாய்ப் பிறந்த கிடேரி எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் மலடாகத்தான் போகும். தொப்புள் வீங்கியிருந்தாலும், வயிறு பானையாட்டம் தொங்கினாலும் விட்டுவிடுங்க. பானை வயிறு பெரும்பாலும் குடற்புழுதான். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று கேளுங்க.

ஜெர்சி கலப்புக்கு 200 கிலோவுக்கு மேல் எடை வந்த பிறகே சினை ஊசி. பிறக்கும்போது 25 கிலோ என்றால், 18 மாதத்தில் இதை எட்ட நாளுக்கு 350 கிராம் ஏறணும். தராசு வேண்டாம். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 54, நீளம் 48 என்றால் சுமார் 212 கிலோ.

கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி கிடேரிக்கு மட்டும், 4 முதல் 8 மாதத்துக்குள் போடுவது. அந்த வயசைத் தாண்டிய கன்று என்றால், காதில் இருக்கிற 12 இலக்கத் தோட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போய், ஊசி போட்டாச்சா என்று கால்நடை மருந்தகத்தில் விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்க.