இசுப்பு இரப்பானின் வழியினர்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தில் நெடுங்காலமாகப் பாதுகாக்கப்பெற்ற செப்பேடுகளைத் தமிழ் பயில்வோர் அயலார் ஆவணமென ஒதுக்குதல் பொருந்தாது. ஏடுகள் இரண்டு; எழுதப்பெற்ற பக்கங்கள் மூன்று. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம் விரவும். மொழியோ, மலையாளம் தமிழினின்றும் பிரிந்து தனிநிற்கத் தொடங்கிய காலத்தது. சேர மன்னன் பாற்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தருளிய நாளில், இசுப்பு இரப்பான் என்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு வீடுபேறும் அளித்தமையை இவை கூறுகின்றன. முயிரிக்கோடு இன்றைய கொடுங்கல்லூர். வீடுபேறு என்றது ஈண்டு முத்தியன்று. அரசனால் வழங்கப்பெற்ற உரிமை என்பதே பொருள். மாணவர் இவ்விடத்து இடறுதல் உண்டு.

யோசேப்பு ரப்பான் என்னும் பெயரே தமிழ் நாவிற்கேற்ப இசுப்பு இரப்பான் ஆயிற்று. கொச்சி யூதர் இவனைத் தம் முன்னோனாகவும், கடல் கடந்து வந்த தம் முன்னோர்க்குத் தலைவனாகவும் போற்றினர். ஏடுகள் கி. பி. 379இல் பிறந்தவை என்பது அவர்தம் மரபு. உல்சு என்னும் செருமானிய அறிஞர் 'எபிகிராபியா இண்டிகா' மூன்றாம் தொகுதியில் இவற்றைப் பதிப்பித்தார். மன்னனின் ஆட்சியாண்டைக் கொண்டு பின்வந்தோர் இவற்றின் காலத்தைக் கி. பி. 1000 அளவினதாகத் துணிந்தனர். மரபுக்கும் ஆய்வுக்கும் இடையே அறுநூறு ஆண்டு விலகி நிற்கிறது.

இவன் குடிவழியைத் தேடுவார்க்கு ஏடு தருவது யாது? தந்தை பெயர் இல்லை. பிறந்த ஊர் இல்லை. கடல் கடந்து வந்தான் என்னும் செய்தி இல்லை. யூதர் என்னும் சொல்லே இல்லை. பெயரும், ஏடு இருந்த இடமுமே அவன் இனத்தைக் காட்டுகின்றன. அஞ்சுவண்ணம் மேலைக்கடல் வணிகர் குழு என்பது 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டாலும் வலியுறும். அவ்வேட்டில் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் சான்றொப்பமிட்டாரும் உளர். ஆதலின் இரப்பானுக்கு நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே யூத வணிகர் இக்கரையில் இருந்தனர். இவன் வந்தேறியாகவும் இருக்கலாம். வந்தேறியின் பெயரனாகவும் இருக்கலாம்.

ஏடு தெளிவாகக் கூறுவது பின்வழியைப் பற்றியே. உரிமை பெறுவோராக ஆண்மக்களையும் பெண்மக்களையும் கூறி, அடுத்து 'மருமக்கள்' என்றும், 'பெண்மக்களைக் கொண்ட மருமக்கள்' என்றும் இருமுறை சொல்கிறது. ஒரு சொல்லை இருகால் கூறியது வாளா அன்று. முன்னையது உடன்பிறந்தாள் மக்களைக் குறிக்கும். பின்னையது மகளை மணந்தாரைக் குறிக்கும். அடைமொழி பெற்றமையே இவ்வேறுபாட்டிற்குச் சான்று. யூதரின் பழைய சமயச் சட்டத்தில், ஆண்மக்கள் இல்லாவிடத்தே பெண்மக்கள் தாயம் பெறுவர். எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் காண்க. மருமக்கட்கு அங்கே இவ்வாறான இடமில்லை. எனவே இத்தொடரை எழுதியவன் மலைநாட்டு வழக்கை உளத்துட் கொண்டே எழுதினான் எனல் தகும்.

இச்சொல் நுட்பம் ஏட்டளவில் நிற்பதன்று. பிற்காலத்தே கொச்சி யூதர் மலபாரியர், பரதேசியர் என இருபாற்பட்டனர். முன்னவர் பழங்குடியினர், பின்னவருள் பலர் 1492இல் ஸ்பெயினினின்றும் யூதர் துரத்தப்பட்ட பின்னர் வந்தோரின் வழியினர். ஏடு இருந்ததோ பின்னவர் கையில். 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ஒரு வழக்கு கெய்ரோவிலிருந்த தாவீது இப்னு சிம்ரா என்னும் சமய அறிஞரிடம் சென்றது. ஏறத்தாழ 900 குடும்பங்களுள் நூறு தம்மை மட்டுமே நற்குடிப் பிறப்பினர் எனக் கூறி, ஏனையோரை அடிமை வழியினர் என்று இகழ்ந்து மணவுறவு மறுத்தன. உரிய சடங்கின்பின் மணம் கொள்ளலாம் என்று அவர் விடையளித்தும் வேற்றுமை அகலவில்லை. விடுவிக்கப்பெற்ற அடிமைகளின் வழியினர்க்குப் பரதேசியர் தொழுகைக்கூடத்தில் சம உரிமை 20ஆம் நூற்றாண்டு வரையில் மறுக்கப்பட்டது.

ஏட்டை வைத்திருத்தல் ஒன்று, வழியினராதல் வேறு. ஆயினும், புதியோராய் வந்தார் இரப்பான் வழியினர் அல்லர் என்று முற்றத் தள்ளவும் யாம் துணியோம். மகளைக் கொண்டோனுக்கும் ஏடே உரிமை தருகிறது. வந்தவன் இவ்வூர்ப் பெண்ணை மணந்த அளவில் அவ்வுரிமைக்கு வாயில் திறந்தது. 2016இல் வெளியான மரபணு ஆய்வும் கொச்சி யூதரிடம் யூதர் வழியும் இந்திய வழியும் கலந்துள்ளமையைக் காட்டிற்று. தூய குருதி பேசிய இருசாரார்க்கும் இது உவப்பன்று.

1341இல் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்தது என்பர். கொச்சங்காடியில் தொழுகைக்கூடம் எழுந்ததை 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிவிக்கும். ஏட்டிற்கும் இக்கல்லிற்கும் இடையே முந்நூற்று நாற்பது ஆண்டுகள். இவ்விடைவெளியை நிரப்பும் குலவரிசைகளைக் காட்டிலும், யூத மகளிர் கையேடுகளில் வழிவழியாக எழுதிக் காத்த மலையாளப் பாடல்களையே யாம் பெரிதும் மதிக்கிறோம். ஒருவர் இல்லத்து மணம் கொள்ளாத பரதேசியர், மலபாரியர் ஆகிய இருசாரார் கையேடுகளிலும் அப்பாடல்களுட் பல ஒன்றாகவே காணப்படுகின்றன.