கத்தரிக்கோல் தந்த பெயர்

கத்தரிக்கோல் போன்ற வடிவத்தை ஒரே சொல்லில் எப்படிக் குறிப்பீர்கள்? ஆங்கிலத்தில் இதற்கென்றே ‘ஃபார்ஃபிகேட்’ என்னும் பெயரடை உண்டு. கத்தரி எனப் பொருள்படும் ‘ஃபார்ஃபெக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயரிட இவ்வேரைப் பெரிதும் விரும்பினார். 1758-இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில், உடலின் பின்முனையில் இடுக்கி தாங்கிய பூச்சிகளுக்கு ‘ஃபார்ஃபிகுலா’, அதாவது ‘சிறு கத்தரி’ என்று பெயரிட்டார். அதே நூலில் பிளவுபட்ட வாலுடைய ஓர் அமெரிக்கப் பருந்து ‘ஃபார்ஃபிகேட்டஸ்’ ஆயிற்று. ஒரு பூரானும் இப்பெயர் பெற்றது. 1766-இல் மடகாஸ்கர் தீவின் கரிச்சானுக்கும் இதே பெயர் வாய்த்தது.

பூச்சியும் பூரானும் பறவைகளும் நெருங்கிய உறவினங்களா? இல்லை. பெயர் வடிவத்தை மட்டுமே சுட்டுகிறது.

செயலையும் அது சொல்வதில்லை. நம் கத்தரிக்கோலில் இரு நெம்புகோல்கள் குறுக்காக அமைந்துள்ளன, திருகாணியே சுழலிடம். பூச்சியின் இடுக்கியிலோ கரங்கள் குறுக்கிடுவதில்லை. அடியில் பொருந்தி, நுனியில் நெருங்குகின்றன. உரோமானியர் பயன்படுத்திய, வளைந்த வில் போன்ற அடியுடைய கத்தரியை இது நினைவூட்டுகிறது. ஆயினும் பூச்சி இதனால் துணி வெட்டுவதுபோல் எதையும் வெட்டுவதில்லை; இரையைப் பற்றவும் பகையை விரட்டவும் பயன்படுத்துகிறது. பருந்தின் வாலோ பறக்கும்போது திசை திருப்ப உதவுகிறது.

ஆகவே, அறிவியல் பெயரைக் கண்டால் அதன் பொருளை அறியுங்கள். அத்துடன் நின்றுவிடாமல் உயிரினத்தையும் உற்று நோக்குங்கள்.