நூற்புழுத் தாக்குதலில் நெல் வேரின் புரதங்கள்

நெல் வேரைத் தாக்கும் ஒட்டுண்ணி நூற்புழுக்களில் அதிகம் ஆராயப்பட்டது வேர்முடிச்சு நூற்புழுவான மெலாய்டோகைன் கிராமினிகோலா. அமெரிக்காவின் லூசியானாவில் கிடைத்த இதை 1965-இல் கோல்டன், பெர்ச்ஃபீல்டு இருவரும் புதிய இனமாக விவரித்தனர். தெற்கு, தென்கிழக்கு ஆசிய வயல்களில் இன்று இது பரவலாக உள்ளது. நேரடி விதைப்பும் நீரைச் சிக்கனப்படுத்தும் சாகுபடியும் இதற்குச் சாதகமானவை. நீர் தேங்கிய வயலில் இளம்புழு புதிய வேருக்குள் நுழைவது கடினம். ஏற்கெனவே உள்ளே போனது பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாம் பருவ இளம்புழு வேர் நுனிக்குச் சற்று மேலே துளைத்து நுழைந்து, செல்களின் இடைவெளி வழியே நுனிவரை இறங்கி, திரும்பி நாளத் திசுவை அடைகிறது. அங்கே சில செல்களைத் தேர்ந்து உமிழ்நீர்ப் புரதங்களைச் செலுத்துகிறது. அச்செல்களில் கரு மீண்டும் மீண்டும் பிரிகிறது, செல் மட்டும் பிரிவதில்லை. இப்படி உருவாகும் ராட்சத செல்களே புழுவின் உணவுக் களம். வேர் நுனி தூண்டில் முள் போல வளைந்து வீங்கும்.

வேரின் பதில் ஒரே சீரானதல்ல. கைட்டினேஸ், பெராக்சிடேஸ் போன்றவை செடிகளின் வழக்கமான தற்காப்புப் புரதங்கள். பெராக்சிடேஸ்களுக்குச் செல்சுவரில் லிக்னின் படிவதிலும் பங்குண்டு. நெல்லில் இந்தப் புழுவுக்கு எதிரான தற்காப்பை முதன்மையாக இயக்குவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன்; எத்திலீன் என்ற ஹார்மோனும் அதன் வழியாகவே வேலை செய்கிறது. ராட்சத செல்களுக்குள் நிலைமை வேறு: தற்காப்பு மரபணுக்கள் அடக்கப்பட்டு, வளர்சிதை மாற்றம் முடுக்கிவிடப்படுகிறது. ஒரே வேர் ஓரிடத்தில் எதிர்க்கிறது, மற்றோரிடத்தில் புழுவுக்கு ஊழியம் செய்கிறது.

இந்தப் புரத மாற்றங்களை அறிய, முழு வேரை அரைத்து, புரதங்களைப் பிரித்து, நிறை நிறமாலைமானியில் அடையாளம் காண்பது எளிய முறை. ஆனால் ராட்சத செல்கள் மிகச் சில. அவற்றின் புரதங்கள் மற்ற திசுக்களின் புரதங்களில் கரைந்துபோகும். போதாக்குறைக்கு, மாதிரியில் புழுவின் புரதங்களும் கலந்திருக்கும். அதனால் முழு வேரின் சராசரியைக் கொண்டு மட்டும் ‘இந்தப் புரதம் கூடியது’ என்று சொல்வது அரைகுறைச் செய்தி. லேசர் கொண்டு ராட்சத செல்களை மட்டும் வெட்டியெடுப்பது மேலானது. ஆயினும் புரத ஆய்வுக்குத் தேவையான அளவு பொருளை அதில் சேர்ப்பது பெரும்பாடு. ஆர்.என்.ஏ.யைப் பெருக்கிக்கொள்ளலாம், புரதத்தைப் பெருக்க வழியில்லை.

புரதத்துக்குப் புரதம் என்ற நேரடி மோதலும் உண்டு. புழு செலுத்தும் எம்.ஜி.எம்.ஓ.237 என்ற புரதம் நெல்லின் பல தற்காப்புப் புரதங்களோடு பிணைந்து எதிர்ப்பைத் தளர்த்துகிறது. மறுபுறம், இந்தப் புழுவை எதிர்க்கும் ஜோங்ஹுவா 11 என்ற சீன நெல் வகையின் எதிர்ப்பு மரபணுவான எம்.ஜி.1 பற்றி 2023-இல் ஆய்வு வெளியானது. அம்மரபணு தரும் புரதம், புரதச் சிதைப்பு நொதிகளைத் தடுக்கும் ஒரு புரதத்தோடு பிணைவதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.