கொலஸ்ட்ரோல் சரியாம், பிறகேன் மாரடைப்பு?

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலா வாசியுங்கோ.

போன கிழமை சுருவிலில் ஒரு ஐயா என்னை வழியில் மறித்துக் கேட்டார். "சேர், கொலஸ்ட்ரோல் நோர்மல் எண்டு ரிப்போர்ட்டில கிடக்கு. குளுசையும் ஒழுங்காத்தான் போடுறன். பிறகேன் எனக்கு ரெண்டாம் தரமும் வந்தது?"

நான் டொக்டர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கே 170 வருச வரலாறு இருக்கிறது.

1850களில் இரண்டு பெரிய நோயியல் அறிஞர்கள் இதில் முரண்பட்டார்கள். இரத்தத்தில் உள்ள பொருள்தான் நாடிச் சுவரில் வந்து படிகிறது என்றார் வியன்னாவின் ரொக்கிற்றான்ஸ்கி. இல்லை, அந்தச் சுவரே அழற்சி கண்டிருக்கிறது என்றார் ஜெர்மனியின் விர்ஹோ. முள் குத்திய விரல் சிவந்து, வீங்கி, சூடேறி நோகுமே, அதுதான் அழற்சி. அது குழாய்க்குள் நடந்தால் எப்படி இருக்கும்?

விர்ஹோவின் பேச்சு பிறகு பின்னுக்குப் போய்விட்டது. 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரோல் தீத்தி நாடிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். பிறசர், புகை, கொலஸ்ட்ரோல் என்று நாங்கள் இன்று சொல்லும் பட்டியல் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். அது பொய்யல்ல. ஸ்டாட்டின் குளுசை உயிர் காக்கிறது, யாரும் இந்தப் பதிவை வாசித்துவிட்டு அதை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அந்த ஊரார் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள்.

எங்கள் தோல் நிறத்தவரின் கணக்கு இடித்தது இலண்டனில். சவுத்தோல் பகுதியில் குடியேறிய தெற்காசியருக்கு இதய நோய் கூடுதலாக இருந்தது. புகையையும் கொலஸ்ட்ரோலையும் வைத்து அதை விளக்க முடியவில்லை. 1991இல் மக்கீக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது வேறு: வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, இன்சுலினுக்கு உடல் அடங்காமை, நீரிழிவு. மூன்று வருடம் முன்னர்தான் அமெரிக்காவில் ரீவன் இந்த அனுசேபக் கோளாறுகள் ஒன்றாகவே திரிகின்றன என்று சொல்லி அதற்கு 'சின்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுப்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆறு வருடம்! ஒரு பிள்ளை ஓ.எல். படித்து கம்பஸ் போகிற காலம்.

இலங்கையில் 2005–06இல் பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு நடந்தது. வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றார்கள். ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அது எடுக்கப்பட்டது. விடுபட்ட இரண்டும் எவை என்று நான் சொல்லத் தேவையில்லை. யுத்தத்தில் செத்தவர்களை எண்ணுவதிலேயே இன்னும் சண்டை. சீனி வருத்தத்தை யார் எண்ணினார்கள்?

சரி, விர்ஹோவின் அழற்சிக்கு வருவோம். 1930இல் நியூயோர்க்கில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. காய்ச்சலோடு போனால் எங்களுக்கு எடுப்பார்களே, அந்த சி.ஆர்.பி.தான். 1997இல் ஹார்வர்டின் ரிட்கர், நோயே இல்லாத ஆண்களில்கூட சி.ஆர்.பி. சற்றுக் கூடியவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்ததைக் காட்டினார். இரண்டு கதையும் இங்கே ஒன்றாகின்றன. குடலைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை அல்ல. அது இரத்தத்தில் அழற்சிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஈரல் அதைக் கேட்டு சி.ஆர்.பி.யைச் செய்கிறது. நாடிக்குள் படிந்த கொழுப்பின் மேல்மூடி அழற்சியால் மெலிந்து ஒருநாள் வெடிக்கிறது. அதில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது.

2017இல் இது பரீட்சிக்கப்பட்டது. மாரடைப்பு வந்து சி.ஆர்.பி.யும் கூடியிருந்த 10,061 பேர். கனகினுமாப் என்ற ஊசி கெட்ட கொலஸ்ட்ரோலைக் குறைக்கவேயில்லை, அழற்சியை மட்டும் அடக்கியது. 150 மில்லிகிராம் பெற்றவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. விர்ஹோ வென்றார்! ஆனால் தொற்று வந்து இறந்தவர்கள் கூடினார்கள், விலையோ நினைத்தும் பார்க்க முடியாதது. அடுத்த வருடம், நீரிழிவோ அனுசேபக் கோளாறோ உள்ள இதய நோயாளிகளிடம் மலிவான மெதோட்ரெக்சேட்டைச் சோதித்தார்கள். பயனில்லை.

பிறகு வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். கொல்சிசின். இப்னு சீனாவின் காலத்து மருத்துவர்கள் மூட்டு நோவுக்குக் கொடுத்த சூரிஞ்ஜான் கிழங்கில் இருக்கும் சரக்கு. எங்கள் கார்த்திகைப்பூக் கொடியிலும் இருப்பது அதே சரக்குத்தான். (அந்தப் பூவின் அரசியலை இன்னொரு நாள் பேசலாம்.) 2020இல் 5,522 இதய நோயாளிகளிடம் செய்த ஆய்வில், வெற்றுக் குளுசை எடுத்தவர்களில் 9.6 சதவீதத்தினருக்கும், தினம் அரை மில்லிகிராம் கொல்சிசின் எடுத்தவர்களில் 6.8 சதவீதத்தினருக்கும் மாரடைப்புப் போன்ற பாதிப்புகள் வந்தன. 2023இல் அமெரிக்கா அதை இதயத்துக்கென்று அனுமதித்தது. 2024இல் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வு பலன் இல்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வேலியில் நிற்கும் கிழங்கைக் கிண்டி அவித்துக் குடிக்கும் யோசனை யாருக்கும் வரக்கூடாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அதில் தூரம் மிகக் குறைவு. அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும்.

ஐயாவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. தையல் ரேப்பால் இடுப்பை அளந்தோம், 39 அங்குலம். எங்கள் ஆண்களுக்கு 35 தாண்டினாலே யோசிக்க வேண்டும், பெண்களுக்கு 31. ஆள் பார்க்க ஒல்லிதான், வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிறது. பிளேன்ரீக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டேன். மூன்றாம், ஒரு நாளைக்கு ஐந்து தரம். நோன்பு திறக்கிற மேசையில் ரோல்ஸ் அடுக்கும் நான் அவருக்கு என்ன புத்தி சொல்ல? மூன்று மாதச் சீனி அளவு எவ்வளவு, இடுப்பு எவ்வளவு குறைய வேண்டும், பல்லு முரசால் இரத்தம் வருகிறதே அதைக் காட்டலாமா என்று டொக்டரிடம் கேட்கவேண்டிய மூன்றையும் அவருடைய கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வருகிற செவ்வாய் கிளினிக்.