ஆசாத் ஹிந்த் – பர்மா அரசு உறவுகள் (1943–1945)

ஆசாத் ஹிந்த் – பர்மா அரசு உறவுகள் என்பவை, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் நிறுவிய சுதந்திர இந்திய (ஆசாத் ஹிந்த்) இடைக்கால அரசுக்கும், டாக்டர் பா மோ தலைமையில் ரங்கூனில் இயங்கிய பர்மா அரசுக்கும் இடையே இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் நிலவிய அரசுமுறைத் தொடர்புகளாகும். இவ்விரு அரசுகளையும் ஜப்பானும் அதன் அணியைச் சேர்ந்த அரசுகளும் மட்டுமே அங்கீகரித்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் இரண்டையும் ஏற்க மறுத்தன.

அங்கீகாரம் என்பது ஓர் அரசை இறையாண்மையுள்ள அரசாக மற்றோர் அரசு ஏற்றுக்கொள்வதாகும். 1933ஆம் ஆண்டின் மொண்டிவிடியோ உடன்படிக்கை நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவுகொள்ளும் திறன் ஆகிய நான்கையும் ஓர் அரசுக்குரிய இலக்கணமாக வகுத்தது. பர்மாவிடம் நிலமும் மக்களும் இருந்தன, ஆனால் அந்நிலத்தில் இறுதி அதிகாரம் ஜப்பானியப் படையிடமே இருந்தது. ஆசாத் ஹிந்த் அரசுக்கோ அமைச்சரவையும் படையும் தன்னை ஏற்று உறுதிமொழி அளித்த மக்களும் இருந்தும், அவர்கள் வாழ்ந்த மண் பிறருடையதாக இருந்தது. ஆகவே பெர்லின் அளித்த அங்கீகாரத்தைவிட ரங்கூன் அளித்த அங்கீகாரமே அவ்வரசின் அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாததாயிற்று.

பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பர்மா பிரிக்கப்பட்ட 1937இல் அதன் முதல் பிரதமரான பா மோ, 1940இல் பிரிட்டிஷ் ஆட்சியால் சிறையிலடைக்கப்பட்டவர். 1943 ஆகஸ்டு 1 அன்று ஜப்பானின் ஒப்புதலோடு பர்மா விடுதலை அறிவித்தபோது அவர் அதிபதி என்னும் பட்டத்துடன் நாட்டுத் தலைவரானார். ஆங் சான் பாதுகாப்பு அமைச்சராகவும் தக்கின் நூ வெளியுறவு அமைச்சராகவும் பொறுப்பேற்றனர். அவ்விழாவில் போஸ் நேரில் கலந்துகொண்டார். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின், அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூர் கேத்தே அரங்கில் இடைக்கால அரசு அறிவிக்கப்பட்டது. நாட்டுத் தலைவர், பிரதமர், போர், வெளியுறவு ஆகிய பொறுப்புகளைப் போஸே ஏற்க, டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் மகளிர் துறையையும், முன்னாள் செய்தியாளர் எஸ். ஏ. ஐயர் பிரசாரத் துறையையும் ஏற்றனர். ஜப்பான், பர்மா, ஜெர்மனி, வட இத்தாலியில் முசோலினி நடத்திய அரசு, குரோஷியா, மஞ்சுகோ, நான்கிங் சீன அரசு, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என ஒன்பது அரசுகள் அதை அங்கீகரித்தன. இவற்றுள் பலவும் தாமே உலகின் பெரும்பகுதியால் ஏற்கப்படாதவை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

1943 நவம்பர் 5, 6 ஆகிய நாள்களில் டோக்கியோவில் கூடிய மகா கிழக்காசிய மாநாட்டில் பா மோ உறுப்பு நாட்டுத் தலைவராகவும், போஸ் பார்வையாளராகவும் அமர்ந்தனர். அந்தமான் நிக்கோபார் தீவுகள் இடைக்கால அரசிடம் ஒப்படைக்கப்படும் என்று ஜப்பானியப் பிரதமர் தோஜோ அங்கு அறிவித்தார். டிசம்பர் 30 அன்று போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றினார். ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்ற படை மருத்துவ அதிகாரி தலைமை ஆணையராக அனுப்பப்பட்டார். எனினும் கல்வித் துறைக்கு மேல் அவர் கையில் பெரிதாக எதுவும் ஒப்படைக்கப்படவில்லை.

1944 ஜனவரியில் இடைக்கால அரசின் தலைமையகம் ரங்கூனுக்கு இடம்பெயர்ந்ததிலிருந்து உறவு நெருக்கமடைந்தது. ஓர் அரசு மற்றோர் அரசின் தலைநகரில் தன் அமைச்சகங்களை நடத்தியது. அங்கு வாழ்ந்த இந்தியரிடம் நிதி திரட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஆசாத் ஹிந்த் வங்கியையும் திறந்தது. ஜியாவாடியில் இந்தியக் குடியானவர்கள் வாழ்ந்த பெரும் கரும்புப் பண்ணையும் சர்க்கரை ஆலையும் அதன் நிர்வாகத்தில் வந்தன. இதை எளிய சலுகையாகக் கருத இயலாது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 1930களின் இறுதியில் செட்டியார் லேவாதேவியரின் உடைமையாக இருந்தது. 1930களில் இந்தியருக்கு எதிரான கலவரங்களும் மூண்டிருந்தன. 1942இல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் நடந்தும் கப்பலேறியும் வெளியேறியிருந்தனர். இத்தகைய கசப்பு உறைந்த மண்ணில் இந்தியரின் அரசுக்கு இடமளித்ததில் பா மோவின் துணிவு வெளிப்படுகிறது.

அதே வேளையில் இவ்வுறவின் எல்லையை மரண ரயில்பாதையைப் போல் வேறெதுவும் காட்டுவதில்லை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அப்பாதை இடைக்கால அரசு அறிவிக்கப்படுவதற்கு நான்கு நாள்கள் முன்பு, அக்டோபர் 17 அன்று முடிவுற்றது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும், பா மோ அரசு திரட்டிக் கொடுத்த பர்மியரும் அதன் ஓரத்தில் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். இடைக்கால அரசின் படையான இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவு, ஜான்சி ராணிப் படை. அதில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் அதே தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தம் மக்கள் என்று உரிமை கொண்டாடிய இவ்விரு அரசுகளாலும் அத்தொழிலாளரைக் காக்க முடியவில்லை என்பது இவ்வரலாற்றின் மாறாத வடு.

ஜப்பானோடு சம நிலை நாடிய போஸின் உறுதிக்கு ஹாச்சியா தெருவோ விவகாரம் சான்றாகும். இடைக்கால அரசுக்கான ஜப்பானியத் தூதராக 1945 மார்ச்சில் ரங்கூன் வந்த அவரிடம் நற்சான்று மடல், அதாவது ஒரு நாட்டின் தலைவர் தம் தூதரை மற்ற நாட்டின் தலைவருக்கு அறிமுகப்படுத்தும் அதிகார மடல், இல்லாததால் போஸ் அவரைச் சந்திக்க மறுத்தார்.

அம்மாதம் 27 அன்று ஆங் சானின் பர்மியப் படை ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியபோதும், அதுவும் இந்திய தேசிய இராணுவமும் பொதுவாக ஒன்றையொன்று தாக்காமல் விலகி நின்றன. ஏப்ரல் இறுதியில் பா மோவும் போஸும் அடுத்தடுத்து ரங்கூனை விட்டு வெளியேறினர். பிரிட்டிஷ் படை வரும்வரை நகரின் அமைதியையும் இந்தியரின் உயிரையும் காக்கும் பொறுப்பு, ஏறத்தாழ 5,000 வீரருடன் லோகநாதனிடம் விடப்பட்டது.

அங்கீகாரத்தின் சட்டப் பயன் தில்லி செங்கோட்டையில் வெளிப்பட்டது. 1945 நவம்பரில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது தொடங்கிய விசாரணையில், அவர்கள் அங்கீகாரம் பெற்ற அரசின் முறையான படையினராதலால் போர் தொடுக்கும் உரிமை கொண்டவர்கள் என்று வழக்கறிஞர் புலாபாய் தேசாய் வாதிட்டார். ஐயரும் லோகநாதனும் ஹாச்சியாவும் அங்கு சாட்சியளித்தனர். நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தும், 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதைத் தள்ளுபடி செய்தார்.

1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மாவின் முதல் பிரதமரானவர், பா மோவின் வெளியுறவு அமைச்சராயிருந்த நூவே. நிலம் பற்றிய பழைய சிக்கலுக்குத் தீர்வாக அவருடைய அரசு அவ்வாண்டிலேயே நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. அதன்பின் செட்டியார்களுக்கான இழப்பீடு இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையே நீடித்த பேச்சுவார்த்தைப் பொருளாயிற்று.