இளம் வயதில் கருப்பை அகற்றம்: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு, வேலைக்கு விடுப்பு எடுக்கவைக்கும் வலி, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் நீங்காத ரத்தசோகை. ஆண்டுக்கணக்கில் இப்படி அவதிப்படும் பெண்களில் சிலர், முப்பது வயதை ஒட்டியே ‘கருப்பையை எடுத்துவிடலாமா’ என்று மருத்துவரிடம் கேட்கின்றனர். அவர்களில் திருமணமாகாதவர்களும் உண்டு.

கருப்பையை அகற்றியபின் மாதவிடாய் வராது; கருத்தரிக்கவும் முடியாது. முடிவை மாற்றிக்கொள்ள வழியில்லை என்பதால், புற்றுநோய் போன்ற அவசரக் காரணம் இல்லாதபோது மருத்துவர்கள் இதைக் கடைசி வழியாகவே முன்வைக்கின்றனர்.

எந்த நோய் என்பதே முதல் கேள்வி

கருப்பைத் தசைக்குள் உட்படலத் திசு வளரும் ‘அடினோமையோசிஸ்’ நோய்க்குக் கருப்பை அகற்றமே முழுத் தீர்வு. நார்த்திசுக் கட்டிகளும் கருப்பை போனபின் திரும்பி வருவதில்லை.

‘எண்டோமெட்ரியோசிஸ்’ அப்படியன்று. இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உள்ள இந்நோயில், திசு கருப்பைக்கு வெளியே வளர்கிறது. கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு வெளியிலுள்ள திசுவை விட்டுவைத்தால் வலி தொடரலாம். எனவே, நோய் எது என்று உறுதியாகாமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது நல்லதன்று.

வேறு வழிகள்

ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை, கருத்தடை மாத்திரை, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் ஆகியவை உள்ளன. கட்டியை மட்டும் அகற்றிக் கருப்பையைக் காக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. கட்டிக்குச் செல்லும் ரத்தக்குழாயை அடைத்து அதைச் சுருங்கவைப்பது இன்னொரு வழி. கருப்பையின் உட்படலத்தைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை, இனிக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு மட்டுமே ஏற்றது.

சினைப்பை இருக்குமா, போகுமா?

கருப்பையை அகற்றினாலும் சினைப்பைகளை விட்டுவைத்தால் ஹார்மோன் சுரப்பு தொடரும். ஆயினும் மாதவிடாய் நிற்கும் காலத்துக்குரிய மாற்றங்கள் சில ஆண்டுகள் முன்னதாகவே வரக்கூடும். சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அந்த மாற்றங்கள் உடனே தொடங்கும்; எலும்பு தேய்வு, இதய நோய் அபாயமும் கூடும். அதனால் இளையர்களுக்குப் பொதுவாக ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் 2018ல் வெளியிட்ட ஆய்வு, சினைப்பைகள் இருந்தாலும் 35 வயதுக்குள் கருப்பை அகற்றியவர்களிடம் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் காணப்பட்டதாகக் கூறியது. கருப்பை அகற்றம்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வைக் கொண்டு உறுதிசெய்ய முடியாது. இருந்தாலும், மருத்துவரிடம் கேட்கவேண்டிய விஷயம் இது.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியது

2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள் இங்கு கருமுட்டைகளை உறையவைக்கலாம். சட்டப்படி மணமுடித்த தம்பதியர் மட்டுமே அவற்றைப் பயன்படுத்த முடியும். ஆனால், வாடகைத்தாய் சேவைக்குச் சிங்கப்பூர் மருத்துவ நிலையங்களில் அனுமதி இல்லை. கருப்பை இல்லாதவருக்கு உறைந்த கருமுட்டை மட்டும் இங்கு கைகொடுக்காது.

கருப்பை வாயையும் அகற்றினார்களா என்பதைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். கருப்பை வாய் இருந்தால், 25 முதல் 29 வயதினர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் 30 வயதைத் தாண்டியோர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் செய்துகொள்ளும் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

முடிவு யாருடையது?

‘கல்யாணம் ஆகட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும்’ என்பது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. பிள்ளைப்பேறு இந்த நோய்களுக்கு மருந்தன்று. அதேநேரம், வலி உச்சத்தில் இருக்கும் நாளில் எடுக்கும் முடிவும் அவசர முடிவாகிவிடலாம்.

கணவர், பெற்றோர் கருத்தைக் கேட்கலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவது அந்தப் பெண்தான். இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறுவதில் தயக்கம் வேண்டாம். இதுவரை எடுத்த சிகிச்சைகள், ரத்தப்போக்கு நாள்கள், வேலைக்குப் போக முடியாத நாள்கள் ஆகியவற்றைச் சில மாதங்களுக்கு எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டினால், அவதியின் அளவு அவருக்குத் தெளிவாகப் புரியும். எடுப்பதா, காப்பதா என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.