ஜனவரியின் பட்டியலும் ஜூனின் கோப்பையும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் உச்சப் போட்டியான என்.பி.ஏ., ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் நடுவரை நடக்கும் 82 ஆட்டங்கள் கொண்ட லீக் சுற்றையும், அதில் தேறிய அணிகள் ஜூன்வரை மோதிக்கொள்ளும் பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்டச் சுற்றையும் கொண்டது. லீக் சுற்றில் பாதி ஆட்டங்கள் முடியும் ஜனவரி மாதத்தில், எந்த அணி உண்மையில் வலுவானது, எதற்குக் கோப்பை வாய்ப்பு இருக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் அப்போட்டியின் வயதையொத்த பழமை உடையது. செய்தித்தாள் பத்தியாளர்களுக்கு அது எழுத்துப் பொருளாக இருந்ததென்றால், அணி மேலாளர்களுக்கு அது முடிவெடுக்கும் வேளையாக இருந்தது. வீரர்களை அணிகளுக்கிடையே மாற்றிக்கொள்வதற்கான கெடு பிப்ரவரியில் முடிந்துவிடும் என்பதால், தன் அணி கோப்பைக்கு அருகில் இருக்கிறதா இல்லையா என்பதை அதற்குள் கணித்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. இந்தக் கணிப்புகளின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், கணக்குமுறைகள் எவ்வளவோ நுட்பமடைந்த பின்னரும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுவதைக் காணலாம்: ஜனவரியில் அளக்கப்பட்ட அணிதான் மே மாதத்திலும் ஆடப்போகிறதா?

1946 ஜூன் 6 அன்று நியூயார்க்கில் பி.ஏ.ஏ. என்ற பெயரில் தோன்றி, 1949இல் என்.பி.எல். என்ற எதிர் அமைப்புடன் இணைந்து இன்றைய பெயரைப் பெற்ற இப்போட்டியின் முதல் பருவத்திலேயே, வெற்றிப் பட்டியலை நம்பியவர்களின் கணிப்பு பொய்த்தது. ரெட் ஆவர்பாக் என்ற இளம் பயிற்சியாளரின் கீழ் ஆடிய வாஷிங்டன் கேபிடல்ஸ், 60 ஆட்டங்களில் 49ஐ வென்று, சொந்த அரங்கில் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் இழந்து, தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்ற ஃபிலடெல்பியா வாரியர்ஸைவிட 14 வெற்றிகள் முன்னே நின்றது. ஆயினும் சிகாகோ ஸ்டாக்ஸ் அதை 4-2 என வெளியேற்ற, அந்தச் சிகாகோவை 4-1 என வென்று முதல் கோப்பையை எடுத்தது 35 வெற்றிகள் மட்டுமே பெற்றிருந்த ஃபிலடெல்பியா. இரு பிரிவுகளின் முதலிட அணிகளும் அரையிறுதியிலேயே ஒன்றையொன்று சந்திக்குமாறு போட்டி அமைக்கப்பட்டிருந்ததால் ஃபிலடெல்பியாவுக்கு எளிய பாதை வாய்த்தது என்பது உண்மை. அணியின் வலிமையும் அதன் கோப்பை வாய்ப்பும் வெவ்வேறானவை என்பதற்கு அமைப்பே தந்த முதற் சான்றாக அது அமைந்தது.

தொடக்கக் காலத்தில் கணிப்பதற்கான கருவிகள் மிகக் குறைவு. வெற்றி தோல்வி எண்ணிக்கையும் எடுத்த புள்ளிகளும் இருந்தன. ரீபவுண்ட், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல், 1950-51இல்தான் பதிவாகத் தொடங்கியது. பந்தைப் பறித்தலும் எறிதலைத் தடுத்தலும் 1973-74வரை அதிகாரபூர்வக் கணக்கில் இடம்பெறவே இல்லை என்பதால், தடுப்பாட்டத்தில் சிறந்த ஒரு வீரரின் பங்களிப்பு பார்த்தவர்களின் நினைவில் மட்டுமே தங்கியது. புள்ளிகளைக்கூட ஒப்பிட முடியாதிருந்தது. முன்னிலை பெற்ற அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம் என்ற நிலையில், 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என வென்ற ஆட்டம் போன்றவை நிகழ்ந்தன. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயாசோன் வற்புறுத்தியபடி, பந்தைப் பெற்ற அணி 24 நொடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்த பின்னரே ஆட்டங்கள் ஏறத்தாழ ஒரே வேகத்துக்கு வந்து, புள்ளி வித்தியாசம் என்பது ஒப்பிடத்தக்க அளவுகோலாயிற்று.

அந்த அளவுகோல் பட்டியலைவிட ஆழமாகப் பார்க்கக்கூடியது என்பதை 1968-69 பருவம் காட்டியது. பில் ரஸல் வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த பாஸ்டன் செல்டிக்ஸ் 48 வெற்றிகளுடன் கிழக்குப் பிரிவில் நான்காமிடமே பெற்றதால், முதுமையடைந்த அணி என்று கருதப்பட்டது. வில்ட் சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் மூவரையும் கொண்ட லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸோ 55 வெற்றிகள் பெற்றிருந்தது. ஆனால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுக்கிறது என்று பார்த்தால், பாஸ்டன் லேக்கர்ஸுக்கு மேலே இருந்தது. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை லேக்கர்ஸின் அரங்கிலேயே வென்று பாஸ்டன் கோப்பையை எடுத்தது. அதே பருவத்தின் டிசம்பரில் நியூயார்க் நிக்ஸ், டெட்ராய்ட்டிடமிருந்து டேவ் டிபுஷேரைப் பரிமாற்றத்தில் பெற்று, வில்லிஸ் ரீடை அவருக்கு இயல்பான, வளையத்தருகே ஆடும் சென்டர் இடத்துக்கு நகர்த்தியது. அதுவரை 18 வெற்றி 17 தோல்வி என்றிருந்த அணி எஞ்சிய ஆட்டங்களில் 36ஐ வென்று 11ஐ மட்டுமே தோற்று, அடுத்த ஆண்டு கோப்பையையும் வென்றது. டிசம்பர் நடுவில் நிக்ஸை எடைபோட்டவர் சில நாட்களில் இல்லாமற்போகவிருந்த ஓர் அணியை எடைபோட்டார் எனலாம்.

இக்கருத்து முழு வடிவில் வெளிப்பட்டது 1977-78 பருவத்தில். நடுப்பருவக் கணிப்பின் வரலாற்றில் அதைவிடப் பாடம் நிறைந்த ஓராண்டு இல்லை. முந்தைய ஆண்டின் சாம்பியனான போர்ட்லண்ட் டிரெயில் பிளேஸர்ஸ், ஜாக் ராம்ஸியின் பயிற்சியில், சென்டர் பில் வால்டனை மையமாக வைத்து இயங்கிய ஓர் அணி. வால்டன் தடுப்பில் வளையத்தைக் காத்தார்; ரீபவுண்டைக் கைப்பற்றித் தரையில் இறங்குமுன்பே விரைவுத் தாக்குதலைத் தொடங்கிவைத்தார்; தாக்குதலில் வெட்டி ஓடும் சகவீரர்களுக்குப் பந்தை வழங்கினார். எனவே அணியின் ஒவ்வொரு நல்ல இயல்பும் அவர் வழியாகவே கடந்து சென்றது. பிப்ரவரி இறுதியில் 50 வெற்றி 10 தோல்வி என்று நின்ற அந்த அணியை வேறெவரும் வெல்லக்கூடும் என்று கருதுவதற்கு எந்தக் கணக்கிலும் இடமிருக்கவில்லை. அந்நிலையில் வால்டனின் கால் காயமுற, பாப் கிராஸ் உள்ளிட்ட வேறு வீரர்களும் காயமடைய, எஞ்சிய 22 ஆட்டங்களில் 14ஐ அணி தோற்றது. அப்படியிருந்தும் 58 வெற்றிகளுடன் பட்டியலில் முதலிடம் போர்ட்லண்டுக்கே உரியதாயிற்று. அவ்வாண்டின் மிகச்சிறந்த வீரர் விருதும் வால்டனுக்கே சென்றது. பட்டியல் ஒரு பருவத்தின் மொத்தத்தைச் சொல்லும். அந்த மொத்தத்தில் எவ்வளவு பகுதி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதைச் சொல்லாது.

அதே பருவத்தின் மறுமுனையில் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் முதல் 22 ஆட்டங்களில் ஐந்தை மட்டுமே வென்றிருந்தது. பயிற்சியாளர் பாப் ஹாப்கின்ஸ் நீக்கப்பட்டு, அணி நிர்வாகத்தில் வீரர் தேர்வைக் கவனித்துவந்த லென்னி வில்கென்ஸ் அப்பொறுப்பை ஏற்றார். அவர் புதிய நட்சத்திரம் எவரையும் கொண்டுவரவில்லை. இருந்தவர்களின் வரிசையை மாற்றினார். கஸ் வில்லியம்ஸ், டென்னிஸ் ஜான்சன், ஜான் ஜான்சன், புதுமுகம் ஜாக் சிக்மா, மார்வின் வெப்ஸ்டர் ஆகியோர் தொடக்க ஐவராக, நீண்டகாலப் புள்ளி வேட்டைக்காரரான ஃப்ரெட் பிரவுன் மாற்று வீரராகக் களமிறங்கும் முறை உருவாயிற்று. அடுத்த 60 ஆட்டங்களில் சியாட்டில் 42ஐ வென்றது. பருவ முடிவில் 47 வெற்றி 35 தோல்வி என்று சாதாரணமாகத் தோன்றிய கணக்குக்குள் இரண்டு வெவ்வேறு அணிகள் இருந்தன என்பதை அறிந்தவருக்கே, அது பிளேஆஃபில் போர்ட்லண்டை 4-2 என வீழ்த்தியது வியப்பாக இருந்திராது. அத்தொடரில் வால்டன் திரும்பிவந்து இரண்டு ஆட்டங்கள் ஆடி, பாத எலும்பு முறிந்திருப்பது தெரியவர, மீண்டும் விலகினார். அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

கோப்பை இவ்விரண்டு அணிகளுக்கும் கிட்டாமல் வாஷிங்டன் புல்லட்ஸுக்குச் சென்றது. 44 வெற்றி 38 தோல்வி என்பது அவ்வணியின் கணக்கு. சராசரிப் புள்ளி வித்தியாசமும் ஏறத்தாழ ஒரு புள்ளி அளவிலேயே இருந்தது. இவ்வளவு குறைந்த வெற்றிகளோடு, 82 ஆட்டப் பருவத்தில், வேறெந்த அணியும் கோப்பை வென்றதில்லை. எல்வின் ஹேய்ஸ், வெஸ் அன்செல்ட் என்ற இரு அனுபவமிக்க பெருவீரர்களோடு அவ்வாண்டுதான் பாப் டான்ட்ரிட்ஜ் சேர்ந்திருந்தார். காயங்கள் மலிந்த ஜனவரியில், கோல்டன் ஸ்டேட் விடுவித்த சார்லஸ் ஜான்சன் என்ற கார்டு, அதாவது பந்தை நடத்திச்செல்லும் வெளிவரிசை வீரர், பெரிய ஆரவாரமின்றிச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், சியாட்டில் அரங்கில், டென்னிஸ் ஜான்சன் களத்திலிருந்து எறிந்த 14 எறிகளில் ஒன்றும் உள்ளே விழாதிருக்க, வாஷிங்டன் 105-99 என வென்றது. புல்லட்ஸின் வெற்றியைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மறு ஆண்டும் இதே இரு அணிகளே இறுதியில் சந்தித்து, சியாட்டில் 4-1 என வென்றது என்பது, 1978 ஜனவரியின் கணக்குகள் அவ்விரண்டின் தரத்தையும் குறைத்தே காட்டியிருந்தன என்ற முடிவுக்கே இட்டுச்செல்கிறது.

இதற்கிடையே அளவைமுறையும் வளர்ந்துகொண்டிருந்தது. ஓர் அணி பந்தைப் பெற்றதிலிருந்து அதை எதிரணியிடம் விடும்வரையிலான காலத்தை ஒரு தாக்குதல் வாய்ப்பு எனக் கொண்டு, வாய்ப்பு ஒன்றுக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிடும் முறையைக் கல்லூரிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் 1950களின் பிற்பகுதியிலேயே கையாண்டார். அதன் தேவையை 1981-82இன் டென்வர் நகெட்ஸ் தெளிவாக்கியது: ஓர் ஆட்டத்துக்கு 126.5 புள்ளிகள் எடுத்த அவ்வணி 126.0 புள்ளிகளை விட்டும் கொடுத்தது. வேகமாக ஆடியதால் இரு எண்களும் பருத்திருந்தனவேயன்றி, தாக்குதல் ஒப்பற்றதென்றோ தடுப்பு அவ்வளவு கேவலமானதென்றோ அவற்றிலிருந்து சொல்ல இயலாது. புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் தம் ஆய்வில், எறிதிறன், பந்தை இழக்காமை, தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ என்னும் தடையற்ற எறி ஆகிய நான்கு கூறுகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன என வகுத்து, 2004இல் சியாட்டில் அணியிலேயே பணியமர்ந்தார். பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸின் சூத்திரத்தைக் கூடைப்பந்துக்குப் பொருத்திய டேரில் மோரி, எடுத்த புள்ளிகளையும் விட்ட புள்ளிகளையும் 13.91 என்ற அடுக்குக்கு உயர்த்தி ஒப்பிட்டால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் கிடைக்கும் எனக் கண்டார். அதன்படி சராசரியாக 105 எடுத்து 100 விட்டுக்கொடுக்கும் அணி 82இல் சுமார் 54 ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஓர் அணி அதைவிட மிகுதியாக வென்றிருந்தால், நெருக்கமான ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கிறது, அது நீடிக்காது என்று ஜனவரியிலேயே ஐயுறலாம். பட்டியலை மட்டும் பார்த்த காலத்தை நினைக்கும்போது இது மெய்யான முன்னேற்றம்.

பயிற்சியாளர்களிடம் இதைவிட எளிய அளவுகோல்கள் வழங்கின. இருபதாவது தோல்விக்கு முன் நாற்பதாவது வெற்றியை எட்டும் அணியே கோப்பைக்குரியது என்பது பில் ஜாக்ஸனின் பெயரால் அறியப்படும் விதி. பெரும்பாலான சாம்பியன்கள் அதற்குள் அடங்குவர். 1994-95இன் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அடங்கவில்லை. நடப்புச் சாம்பியனான அவ்வணி, ரீபவுண்டில் வல்லவரான ஓடிஸ் தார்ப்பைக் கொடுத்து, பிப்ரவரி 14 அன்று கிளைட் ட்ரெக்ஸ்லரைப் பெற்றது; அதன்பின் ஆடிய 35 ஆட்டங்களில் வெற்றி 17, தோல்வி 18. பரிமாற்றம் பிழை என்றே எந்தக் கணக்கும் சொல்லியிருக்கும். ஆறாமிடத்திலிருந்து பிளேஆஃபில் நுழைந்த ஹூஸ்டன், 60, 59, 62, 57 வெற்றிகள் பெற்றிருந்த நான்கு அணிகளை அடுத்தடுத்து வென்று கோப்பையைத் தக்கவைத்தது. 2004 பிப்ரவரியில் ரஷீத் வாலஸைப் பெற்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் மாற்றமோ உடனே கணக்கில் தெரிந்தது: 34-22 என்றிருந்த அணி எஞ்சிய 26இல் 20ஐ வென்று, இறுதியில் லேக்கர்ஸை 4-1 என வீழ்த்தியது.

2015 ஜனவரியில் அட்லாண்டா ஹாக்ஸ் ஆடிய 17 ஆட்டங்களையும் வென்றது. தொடக்க ஐவரும் சேர்ந்தே கிழக்கின் மாதச் சிறந்த வீரர்களாக அறிவிக்கப்பட்டனர். அதே மாத நடுவில் கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் 19-20 என்று தடுமாறியது, ஆயினும் ஜே.ஆர். ஸ்மித், இமான் ஷம்பர்ட், டிமோஃபி மாஸ்காஃப் மூவரும் அப்போதுதான் பரிமாற்றத்தில் வந்திருந்தனர், காயத்தால் ஓய்விலிருந்த லெப்ரான் ஜேம்ஸும் திரும்பியிருந்தார். அதன்பின் 43இல் 34ஐ வென்ற கிளீவ்லண்ட், மே மாதத்தில் அட்லாண்டாவை 4-0 என வெளியேற்றியது. லீக் சுற்றில் ஒன்பது பத்து வீரர்களின் சீரான உழைப்பு பலன் தரும். பிளேஆஃபில் ஒரே எதிரணியை ஏழு முறைவரை சந்திக்க நேர்வதாலும், பயிற்சியாளர்கள் ஏழெட்டுப் பேரை மட்டுமே நம்புவதாலும், தனியொருவராக நெருக்கடியைத் தீர்க்கும் வீரரின் மதிப்பு உயர்கிறது. அட்லாண்டாவின் அழகான கூட்டாட்டத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அது எந்தச் சுற்றுக்கு ஏற்ற வலிமை என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

மறு ஆண்டு ஜனவரி 18 அன்று, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கிளீவ்லண்டை அதன் அரங்கிலேயே 132-98 எனச் சிதைத்தது. நான்கு நாட்கள் கழித்து, 30-11 என்ற கணக்குடன் கிழக்கில் முதலிடத்திலிருந்த கிளீவ்லண்டின் பயிற்சியாளர் டேவிட் பிளாட் நீக்கப்பட்டு டைரன் லூ நியமிக்கப்பட்டார். பட்டியலின் உச்சியில் இருந்துகொண்டே தன் அணி போதாது என்று நிர்வாகம் தீர்மானித்த அம்முடிவு அன்று கடுமையாக விமர்சிக்கப்பட்டாலும், நடுப்பருவ மதிப்பீடுகளில் மிகத் துணிவானவற்றுள் ஒன்றாக அதைக் கொள்ளலாம். 73 ஆட்டங்களை வென்ற அதே கோல்டன் ஸ்டேட்டை, இறுதித் தொடரில் 1-3 என்ற பின்னடைவிலிருந்து மீண்டு, கிளீவ்லண்ட் ஜூன் 19 அன்று வென்றது.

2017-18 முதல் பரிமாற்றக் கெடு, பிப்ரவரி நடுவில் நடக்கும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு முன்பாகவே நகர்த்தப்பட்டதால் மேலாளர்களின் கணிப்புக்காலம் மேலும் சுருங்கியது. 2024-25இல் ஒக்லஹோமா சிட்டி தண்டர் சராசரியாக 12.9 புள்ளி வித்தியாசத்தில் ஆடி, 1971-72 லேக்கர்ஸின் 12.3 என்ற பழைய உச்சத்தைக் கடந்தது. எல்லா அளவுகோல்களும் அதையே சுட்டின, அவை பொய்க்கவும் இல்லை. ஆனால் அதற்கு எதிரே நின்றது டிசம்பரில் 10-15 என்றிருந்த இண்டியானா பேசர்ஸ். காயமுற்றிருந்த தொடக்க வீரர்கள் திரும்பும்வரை பொறுத்திருந்து, அணியைக் கலைக்காமல் வைத்திருந்த இண்டியானா, எஞ்சிய 57 ஆட்டங்களில் 40ஐ வென்று இறுதித் தொடரை ஏழாவது ஆட்டம்வரை கொண்டுசென்றது. அவ்வாட்டத்தின் முதற் கால்பகுதியிலேயே இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேற, ஒக்லஹோமா சிட்டி 103-91 என வென்றது.